மூக்கன் காக்கை சோற்று ரகசியத்தை உளறிய நாள்

அந்தக் காலத்தில், காக்கைகள் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடித் திரிந்தபோது, கடலோரப் பட்டணம் ஒன்றின் வடக்கு மூலையில் நாலுதெருப் பேட்டை என்று ஒன்று இருந்தது. முதல் தெருவில் கட்டுமரக்காரர்கள் தமிழ் பேசினார்கள். அடுத்த தெருவில் துணி விற்கும் தெலுங்குக்காரர்கள். அதற்கடுத்து அத்தர் விற்கும் உருதுக்காரர்கள். கடைசித் தெருவில் நெய்யும் பாகும் மணக்கும் குஜராத்திகள். தண்ணீர் எடுப்பது என்னவோ ஒரே கிணற்றில்தான். ஆனால் கிணற்றடியில் முகத்துக்கு முகம் பார்த்தால் ஒரு சிரிப்பு, அதோடு சரி. புரியாத ஆளிடம் வாயைத் திறந்து என்ன பண்ணுவது?

இதில் கொழுத்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் மூக்கன் என்ற காக்கை. நாலு பாஷையும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீனுக்கு விலை பேச வேண்டுமா, மூக்கனைக் கூப்பிடு. புடவைக்கு நிறம் சொல்ல வேண்டுமா, அதற்கும் மூக்கன். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வாய் சோறு கூலி. வாங்கியதை ஓட்டு முகட்டில் வைத்து, மற்ற காக்கைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்பான். அப்படி ஒரு கஞ்சன்!

நாலு பாஷை அவனுக்கு எப்படி வந்தது? அதுதான் ரகசியம். அந்தப் பேட்டையில் யார் வீட்டுச் சோறு வயிற்றுக்குள் போகிறதோ, அவர்கள் பேச்சு நாக்கில் ஏறிவிடும். இது வெளியே தெரிந்தால் மூக்கன் பிழைப்பில் மண். ஆகவே, "பக்கத்துத் தெரு சோறு உங்க வயித்துக்கு ஒத்துக்காது" என்று நாலு தெருவிலும் நாலு பாஷையில் புளுகி வைத்திருந்தான். எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு ஐப்பசி மாதம். மழை கொட்டுகிறது. கட்டுமரத் தெருவில் தேசம்மாவுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. புருஷன் கடலில். வீட்டில் இருந்தது நாத்தனார் பட்டம்மா மட்டும். அவள் வாசலுக்கு வந்து கத்தினாள்.

"டேய் மூக்கா! போயி ஷம்ஷாத் பீயை இட்டுக்கினு வாடா!"

உருதுத் தெரு ஷம்ஷாத் பீதான் பேட்டைக்கே கைராசியான மருத்துவச்சி. மூக்கன் போய்ச் சொன்னபோது அவள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். பிரசவம் எப்போது முடியுமோ என்று பால் சேமியாவைத் தூக்குச் சட்டியில் ஊற்றி, கையோடு எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். பிள்ளை பெறும் அறைக்குள் ஆண்பிள்ளை நுழையக் கூடாது. காக்கையோ வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, சனியன் வந்த மாதிரி. மூக்கன் இரண்டும் ஆயிற்றே! அவன் வெளியே கூரை இறவாணத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்தான். ஷம்ஷாத் உள்ளிருந்து கத்துவாள். மூக்கன் அதைத் தமிழாக்குவான். மழை இரைச்சலில் அது உள்ளே எட்டாது என்று பட்டம்மா வாசலில் கேட்டு உள்ளே ஓடிச் சொல்வாள். அதற்குள் அந்த வலி வந்து போயிருக்கும்.

இடி இடித்தது. ஷம்ஷாத் என்னவோ அலறினாள். தேசம்மா, முக்கச் சொல்கிறாள் என்று நினைத்துப் பல்லைக் கடித்து முக்கினாள். ஷம்ஷாத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

"இன்னாடா சொல்லுது அந்தம்மா?" பட்டம்மா வாசலுக்கு ஓடிவந்து கேட்டாள்.

மூக்கனுக்குக் காதில் விழுந்துவிட்டது. 'முக்காதே! கொடி குழந்தை கழுத்தில் சுற்றியிருக்கிறது!'

ஒவ்வொரு தடவையும் இவன் சொல்லி, இவள் ஓடி, அவள் கேட்பதற்குள் பிள்ளை தங்காது. ரகசியத்தைச் சொன்னால் நாளை முதல் பட்டினி. சொல்லாவிட்டால்? அந்த ஒரு கணம் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"எக்கா பட்டம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "முக்கக் கூடாதாம்! சோறு ஒத்துக்காதுன்னு நான் சொன்னதெல்லாம் பொய்யி! அந்தச் சட்டியில கீறதை எடுத்து தேசம்மா வாயில ஊத்து. உங்கூட்டுக் கஞ்சியை ஷம்ஷாத் வாயில ஊத்து. சீக்கிரம்!"

பட்டம்மா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. இந்த வாயில் ஒரு கரண்டி, அந்த வாயில் ஒரு கரண்டி.

கஞ்சி உள்ளே இறங்கியதுமே ஷம்ஷாத் தமிழில் ஆரம்பித்தாள். "கண்ணு, முக்காதே. மூச்சை மட்டும் வுடு. கொடியை நான் எடுத்து வுட்டுர்றேன். ஆங்... அப்படித்தான் என் ராசாத்தி. இப்ப முக்கு!"

அடுத்துக் கேட்டது குழந்தையின் அழுகை. மழைச் சத்தத்தையே அமுக்கிவிட்ட அழுகை. பெண் குழந்தை. மூவரும் சிரித்தார்கள், அழுதார்கள், எந்த பாஷையில் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அவசரத்தில் ஷம்ஷாத் தூக்குச் சட்டியை மறந்துவிட்டுப் போனாள். மறுநாள் பட்டம்மா அதில் மிச்சமிருந்த சேமியாவை வழித்துத் தின்றுவிட்டு, மீன் குழம்பு ஊற்றிக்கொண்டு போய், உருதுவில் நலம் விசாரித்தாள். ஷம்ஷாத் தன் சட்டியில் இனிப்புச் சோறு வைத்துத் துணிக்காரத் தெருவுக்கு அனுப்பினாள். அங்கிருந்து புளியோதரையோடு குஜராத்தித் தெருவுக்குப் போயிற்று. அங்கே ஹீராபென், மீன் வாடை போகச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு முகர்ந்து பார்த்த பிறகே அல்வா வைத்தாள். ஆனாலும் வைத்தாள்! கிணற்றடியில் அன்று தொடங்கிய அரட்டை இன்னும் ஓயவில்லை.

மூக்கன் மட்டும் முகட்டில் சுருண்டு கிடந்தான். யாருக்கும் அவன் வேண்டியிருக்கவில்லை. நாலு பாஷையும் துருப்பிடிக்கத் தொடங்கியது.

குழந்தைக்குப் பேர் வைத்த அன்று தேசம்மா முற்றத்தில் இலை போட்டு, நாலு தெருச் சோற்றையும் ஒரு கை வைத்தாள்.

"மூக்கா, வந்து துன்னு."

"நான் இப்ப ஒரு வேலையும் செய்யலியே தாயி?"

"வேலைக்காரனுக்கு இல்லடா. கொழந்தைக்குத் தாய்மாமன் நீதான். மாமனுக்குச் சோறு போடாம இன்னா விசேஷம்?"

மூக்கனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூலியில்லாத சோற்றை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. தனியாகத் தின்ன முடியவில்லை. கழுத்தை நீட்டி, முதுகைக் காட்டி விரட்டிய உறவுகளையெல்லாம் கூப்பிட்டான். சந்தோஷத்தில் அவன் வாயில் வந்தது ஒரே சொல்தான்: "கா! கா!"

அன்று முதல்தான் அந்தப் பேட்டையில் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. மற்ற பாஷையெல்லாம் மறந்துபோன காக்கையும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கூட்டத்தைக் கூப்பிடாமல் ஒரு பருக்கையைத் தொடுவதில்லை.