திருகாணி யாருடையது?

மில் முதலாளி பொன்னுரங்கம் சென்னைத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் ஏற வந்தார். ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில் கொண்டுபோகலாம். கார்க் பிடுங்குகிற கத்தி வைத்த திருகாணிக்கு மட்டும் தடை. அவர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருகாணியைக் கூடவே பயணம் வந்த சமையல்காரன் மாசிலாமணியின் பையில் அவனுக்குத் தெரியாமல் செருகிவிட்டார்.

சோதனையில் அது அகப்பட்டது. "யாருடையது இது? இதன் சொந்தக்காரர் கப்பல் ஏற முடியாது," என்றார் அதிகாரி அம்மா.

"எனக்கென்ன தெரியும்? அவன் பையில்தானே இருந்தது?" என்றார் முதலாளி கூசாமல்.

மாசிலாமணி அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"என்னுதுதாங்க மேடம். அய்யா கக்கத்துல இருக்கிற பாட்டிலும் என்னுதுதான். பாட்டில் இல்லாதவன் திருகாணியை எதுக்குத் தூக்கிட்டு வரப்போறான்? ரெண்டையும் எடுத்துக்கிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

அதிகாரி பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று அலறினார் முதலாளி. "பாட்டிலும் என்னுது, திருகாணியும் என்னுது! இவன் ஜென்மத்துல ஒயினை மோந்துகூடப் பார்த்ததில்லை!"

வரிசையே சிரித்தது. மாசிலாமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அப்ப நான் ஏறலாங்களா மேடம்?"