ஏழாவது பூதத்தின் மீசை

மல்லவராய மகாராஜா ஒரு மண்டபம் கட்டினார். பதினாறு தூண். அதன் அழகை வர்ணிக்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும். நமக்கு வேண்டியது கூரை விளிம்பு மட்டும். அதற்கடியில் கல்லில் செதுக்கிய குள்ளப் பூதங்கள் வரிசையாக இருந்தன. பானை வயிறு, உப்பிய கன்னம், பிதுங்கிய விழி. இரண்டு கையையும் தூக்கிக் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றன.

விடிந்தால் திறப்பு விழா. மகாராஜா பரிவாரத்தோடு பார்வையிட வந்தார். ராணியின் தம்பி கச்சிராயன் மேலே விரலை நீட்டினான்.

"மகாராஜா, அந்த ஏழாவது பூதத்தைக் கொஞ்சம் பாருங்கள்."

பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். தொங்கு மீசை. இரட்டை மோவாய். மூக்கோரம் மச்சம். அச்சு அசல் மகாராஜா. வயிறுகூட அதே.

பின்னால் நின்ற காவலன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"செதுக்கியவன் கட்டைவிரலை வெட்டுங்கள்!" என்றார் மகாராஜா.

சபை விகடன் சீராளனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். சிற்பி ஆனையப்பனை ஊர் தேடிப் போய் அழைத்து வந்தவனே அவன்தான். விரல் போனால் உளி பிடிப்பது எப்படி? அந்த மனுஷன் குடும்பம் என்ன ஆகும்?

சீராளன் பெரிய ஆள் இல்லை. அரசர் சாப்பிட்ட பிறகு அவரைச் சிரிக்க வைப்பது வேலை. இருபது வருஷமாகச் செய்கிறான். சில நாள் சிரிப்பார். பல நாள் கொட்டாவி விடுவார். ஆனாலும் முன்னால் போய் நின்றான்.

"மகாராஜா, ஏன் செய்தான் என்று கேட்டுவிட்டு வெட்டலாமே? வெட்டிவிட்டுக் கேட்டால் கத்துவான். பதில் வராது."

"ஒரு நாழிகை. அதற்குள் ஒழுங்கான பதில் வரவேண்டும்."

மண்டபத்துக்குப் பின்னால் கற்குவியலில் ஆனையப்பன் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்தபதியாரே, என்ன காரியம் செய்தீர்?"

"வேணும்னு செய்யலே ஐயா. மூணு மாசமா அரண்மனை வாசலுக்கு ராஜா சிலை செதுக்கினேன். முடிச்ச மறுநாளே பூதத்துக்கு ஏறிட்டேன். கை பழகிப்போச்சு. அது பாட்டுக்கு அந்த மூஞ்சியையே போட்டுட்டுது."

"இதைச் சொன்னால் இரண்டு விரலையும் எடுப்பார். போகட்டும். பூதம் கூரையைத் தாங்குகிறது, மகாராஜா நாட்டைத் தாங்குகிறார், அதைத்தான் காட்டினீர் என்று சொல்லிவிடுகிறேன்."

"அது ஒரு துரும்பைக்கூடத் தாங்கலையே, ஐயா!"

"என்னது?"

"பாரமெல்லாம் பின்னால உத்திரத்துக்குப் போய், அங்கேருந்து தூணுக்கு இறங்கிடும். பூதம் முன்னால சும்மா நிக்குது."

"அப்புறம் எதற்கய்யா இத்தனை முக்கல்?"

"தூண் வாயைத் திறக்காது. மேலே எத்தனை பாரம்னு பாக்கிறவனுக்கு யார் சொல்றது? அதுக்குத்தான் இது மூஞ்சியைக் கோணுது."

சீராளன் தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். திரும்பி நடந்தான்.

கற்குவியல் பக்கம் ஆள் விட்டு ஒட்டுக்கேட்டிருந்த கச்சிராயன் முந்திக்கொண்டான். "மகாராஜா, பூதம் கூரையைத் தாங்குகிறது என்று அளக்கப்போகிறான். நம்பாதீர்கள். நான் விசாரித்துவிட்டேன். அது எதையும் தாங்கவில்லை!"

"நிச்சயமாகவா?" என்றான் சீராளன்.

"கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்!"

"வேண்டாம், நானும் அதையேதான் சொல்ல வந்தேன். நன்றாகத் தின்று வயிறு வளர்த்திருக்கிறது. ஒரு துரும்பைத் தாங்கவில்லை. ஆனால் உலகமே தன் தலையில் இருப்பதுபோல் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறது. இதையா நம் மகாராஜா என்கிறீர்கள்?"

மகாராஜா மெதுவாக மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"அத்தான்... நான் அப்படிச் சொல்லவில்லை... வேறு யாராவதாக இருக்கும்..."

"யார்?"

சீராளன் பூதத்துக்கு நேர் கீழே போய் நின்றான். வயிற்றைத் தள்ளினான். கன்னத்தை உப்பினான். விழியைப் பிதுக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான்.

"இருபது வருஷமாகச் சபையில் இப்படித்தான் நிற்கிறேன், மகாராஜா. சிற்பி கண்டுபிடித்துவிட்டார்."

மகாராஜாவின் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"மீசை? உனக்குத்தான் நாலு முடிகூட இல்லையே!"

"எனக்கு முளைக்காததைக் கல்லிலாவது முளைக்க வைத்தார். ஏழைக்கு உதவி."

"அப்படியானால் இந்த மண்டபத்தில் நான் எங்கே?"

சீராளன் பக்கத்துத் தூணைத் தட்டினான். "இதோ. பூ இல்லை, முகம் இல்லை, முக்கல் இல்லை. கூரை முழுக்க இதன் தலையில். நாளைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து என்னைத்தான் பார்ப்பார்கள். இதை ஒருத்தன் திரும்பிப் பார்க்கமாட்டான். மண்டபம் மட்டும் நிற்கும்."

மகாராஜா சிரித்தார். தூணில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சீராளன் மேல் போட்டார். ஆனையப்பனைக் கூப்பிட்டு, "விரலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். வேலை இருக்கிறது. கிழக்குப் பக்கத்து வரிசை இன்னும் வெறுங்கல்தானே? பூதத்துக்கு என் சபையிலேயே முகம் கிடைக்கும்" என்றார்.

கச்சிராயன் பதறி முன்னால் ஓடி வந்தான். முகம் சிவந்து, விழி பிதுங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான்.

"அத்தான்! இந்த அரண்மனைப் பாரம் பூராவும் என் தலைமேல்தானே இருக்கிறது!"

"அப்படியே நில்லும், மைத்துனரே! அசையாதீர்!" என்று கத்தினார் மகாராஜா. "ஸ்தபதியாரே, உளியை எடும்!"