சார்ஜ் காத்த தாய்மாமன்மார்

நெட்டூரணியில் புத்தி பங்கு வைத்த அன்றைக்கு உலகநாதன், செண்பகராமன், கொம்பையா என்ற அண்ணன் தம்பி மூன்று பேரும் வெளியூர் போயிருக்க வேண்டும். மற்றபடி தங்கமான மனுசர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

அவர்களுடைய அக்கா மகள் வடிவுக்கு நிச்சயதார்த்தம். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தவன் அண்ணன் மாசானமுத்து. கப்பலில் சமையல்காரன். லீவு கிடைக்கவில்லை. அண்ணன் பார்க்காமல் மோதிரம் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று வடிவு ஒரே பிடியாக நின்றாள். கப்பல் கரை தொட்டதும் வீடியோவில் கூப்பிடுவதாக அவன் சொல்லியிருந்தான். எப்போது தொடும் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டிலிருந்த பெரிய போன் இப்போது இல்லை. "கவர் அழுக்கா இருக்கு, கழுவிக் குடுங்க மாமா" என்று வடிவு சொல்லப்போக, கொம்பையா கவரைக் கழற்றாமலே சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயப்போட்டிருந்தார். மிஞ்சியது மாசானமுத்து தங்கைக்கு வாங்கிக்கொடுத்த, சிம் கார்டு போட்ட சின்ன லேப்டாப் மட்டும்தான்.

நிச்சயத்தன்று காலையில் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் பாதி சார்ஜ்தான் இருந்தது. சடை பின்ன உட்கார்ந்திருந்த வடிவு மாமன்மாரைக் கூப்பிட்டாள்.

"மாமா, மைக் செட்காரர்கிட்ட ஜெனரேட்டர் கேட்டிருக்கேன். அது வார வரைக்கும் இதுல சார்ஜ் எறங்காம பாத்துக்கிடுங்க. சந்தேகம்னா வாங்குன கடைக்குப் போன் போட்டுக் கேளுங்க."

இறங்கக் கூடாது என்றதால் கொம்பையா முதல் வேலையாக லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உலகநாதன் தன் பட்டன் போனில் கடையைக் கூப்பிட்டார். எடுத்தது ஷைனி என்ற பொறுமைசாலிப் பெண்.

"மொதல்ல வெளிச்சத்தைக் கொறைங்க அண்ணாச்சி. பாதி சார்ஜ் அதுலதான் போகுது."

மூவரும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

"வெயிலை எப்படிலே கொறைக்க?" என்றார் செண்பகராமன்.

"வெயிலைக் கொறைக்க முடியாது. வீட்டுக்குள்ள வாரதைக் கொறைக்கலாம்" என்றார் உலகநாதன். மூத்தவர், யோசித்துத்தான் பேசுவார்.

ஜன்னலையெல்லாம் சாத்தினார்கள். வாசலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி தடவித் தடவி உள்ளே நுழைந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக மருமகளைத் தேடிப் பிடித்துக் குங்குமம் வைத்து, கன்னத்தையும் வருடினாள். "கன்னம் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கே, தாயி" என்றாள். சம்பந்தியம்மாள் மனம் நோகக் கூடாதே என்று செண்பகராமன் வாயைத் திறக்கவில்லை.

உலகநாதன் மறுபடி போன் போட்டார்.

"தேவையில்லாம தொறந்து கெடக்கதை எல்லாம் மூடிருங்க அண்ணாச்சி" என்றாள் ஷைனி.

அண்டாவை மூடினார்கள், ஊறுகாய் ஜாடியை மூடினார்கள், யாரோ விரித்து வைத்திருந்த குடையை மூடினார்கள். மூலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் விவாதம் வந்துவிட்டது.

"அது தேவைக்குத் தொறந்திருக்கா, தேவையில்லாமயா?"

"மூச்சு விட வேண்டாமா அண்ணே?"

"பின்ன மூக்கு எதுக்கு வச்சிருக்காரு? அழகுக்கா?"

கொம்பையா ஒரு கையால் லேப்டாப்பைத் தலைமேல் பிடித்தபடி, மறு கையால் மெதுவாகத் தாடையைத் தூக்கி மூடினார். பெரியப்பா விழித்துக்கொண்டு கொம்பையாவின் விரலையும் சேர்த்து மூடினார்.

இதற்குள் மைக் செட்காரர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் ஓடவிட்டுவிட்டார். லேப்டாப்புக்கு வயர் இழுக்க வேண்டியதுதான் பாக்கி. சரியாக அப்போது உலகநாதன் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"எலே, பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கதை எல்லாம் உடனே நிறுத்தச் சொல்லுது அந்தப் பிள்ளை!"

மூவரும் கொல்லைக்கு ஓடி ஜெனரேட்டரை அணைத்தார்கள்.

"அண்ணாச்சி, சார்ஜ் ஏத்தத்தானவே இதைக் கொண்டாந்திருக்கேன்!" என்றார் மைக் செட்காரர்.

"படிச்ச பிள்ளை சொல்லிட்டு. இவ்வளவு சத்தத்துல எந்தச் சார்ஜுய்யா நிக்கும்?" என்று அவரைப் பக்குவமாகப் பேசி வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள்.

கடைசி யோசனையாக ஷைனி, "வேலை இல்லாத நேரம் தூங்க வச்சிருங்க" என்றாள். அவள் குரலே அப்போது தூக்கக் கலக்கம்போலத்தான் இருந்தது.

சேலைத் தொட்டிலில் கிடந்த ஒரு விருந்தாளிக் குழந்தையை எடுத்து அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, லேப்டாப்பைக் கிடத்தினார்கள்.

"மாசானம் வாங்குனது. அப்ப நமக்குப் பேரன் முறை" என்று உலகநாதன் தாலாட்டை எடுத்துக் கொடுக்க, தம்பிமார் இருவரும் ஆராரோ பாடி ஆட்டினார்கள். தொட்டிலுக்குள்ளிருந்து கிணுகிணுவென்று சத்தம் வந்தது.

"அழுவுதுலே!"

"பசியா இருக்கும். காலையிலிருந்து சார்ஜே குடுக்கல."

"இன்னும் வேகமா ஆட்டு."

அறைக்குள் தலையில் பாதிப் பூவோடு இருந்த வடிவுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இருட்டில் பெரியப்பாவின் காலை மிதித்து, தொட்டிலுக்குள் கையை விட்டாள். திரையில் மாசானமுத்து, சமையல் தொப்பியோடு.

"அண்ணே!"

"வடிவு! ஒண்ணுமே தெரியலியே தாயி. எல்லாம் கருப்பா இருக்கு. நல்ல காரியந்தான நடக்கு அங்க?"

அவள் ஜமுக்காளத்தைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். மாப்பிள்ளையும் சம்பந்திகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். நடுத்தெருவில், நல்ல வெயிலில், மாப்பிள்ளை மோதிரம் போட்டார். மாசானமுத்து தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அழாதண்ணே" என்று சொன்ன வடிவு அவனைவிட அதிகமாக அழுதாள். அவன் கையசைத்துப் போன பிறகும் லேப்டாப் உயிரோடுதான் இருந்தது.

"பாத்தியா? மிச்சமே இருக்கு!" என்று மாமன்மார் மார்தட்டினார்கள். அவர்கள் சந்தோசத்தைக் கெடுக்க வடிவுக்கு மனம் வரவில்லை. மூவருக்கும் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரம். கரண்ட் வந்தால் ஏறட்டும் என்று வடிவு லேப்டாப்பின் வயரைச் சுவரில் செருகினாள். செருகிய அதே நொடியில் கரண்ட் வந்தது. தெரு முழுக்க மின்விசிறிகள் சுற்றின, டிவிகள் அலறின, எதிர்வீட்டில் கிரைண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

மூன்று பேரும் வயரைப் பார்த்தார்கள். தெருவைப் பார்த்தார்கள். உலகநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"எலே, நாம சேத்து வச்ச சார்ஜுல ஊரே ஓடுதுலே!"

மூவரும் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு வீடு வீடாகப் போனார்கள். "ஓட்டுங்க, வேண்டாங்கல. ஆனா பாத்துச் செலவழிங்க. எங்க மருமவ கல்யாணத்துக்கும் கொஞ்சம் வேணும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். புத்தி பங்கு வைத்த அன்றைக்கு ஊரும் அவர்களோடு வெளியூர் போயிருந்தது போல. பதறிப்போய் ஒவ்வொருவராக விசிறியை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு ஆவுடையம்மாள் கிரைண்டரை அணைத்துவிட்டு, பாதி அரைபட்ட மாவைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தெரியாமப் போட்டுட்டேன் அண்ணாச்சி. எடுத்த சார்ஜெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அப்படியே லேப்டாப்புல ஊத்திக்கிடுங்க."