வெந்நீர்த் தொட்டியில் கல் உட்கார்ந்தது ஏன்

கல்லும் தண்ணீரும் மரமும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த நாளில், சுக்காமலை என்று ஒரு வெளுத்த சுண்ணாம்புக்கல் மலை இருந்தது. அதன் வயிற்றிலிருந்து ஓர் ஓடை புறப்பட்டு, ஏழு ஊர் தாண்டிக் கடலுக்குப் போனது.

மலைக்கும் ஓடைக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஓடை புறப்படும்போது மலை தன் உடம்பில் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். ஓடை அதைத் தன் மூச்சில் ஏந்திக்கொண்டு போய்க் கடலில் சேர்க்கும். கடலில் இருந்த சங்கும் சிப்பியும் அந்தக் கல்லை வாங்கித்தான் ஓடு கட்டிக்கொண்டன. வழியில் ஓடைக்கரைப் பெண்கள் குடத்தில் மொண்டு போய் உலை வைப்பார்கள். கல் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. பானை கழுவிய தண்ணீரோடு திரும்பி ஓடைக்கே வந்துவிடும். எந்தப் பானையிலும் ஒரு வெள்ளைப் புள்ளிகூட ஒட்டியதில்லை.

ஓடைக்கரை ஊரை அப்போது வல்லப்பர் என்பவர் ஆண்டுவந்தார். அவருக்கு முழங்காலில் வாதம். வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்தால் வலி விட்டுப் போகிறது என்று கண்டுகொண்டார். உடனே மலையடிவாரத்தில் இருபது பேர் நீந்தலாம் என்கிற அளவுக்கு ஒரு தொட்டி கட்டச் சொன்னார். அடியில் செப்புத் தகடு, தகட்டுக்குக் கீழே அடுப்பு. இருபது பேருக்கான தொட்டியில் அவர் ஒருவர்தான் இறங்குவார். அதற்காக முழு ஓடையையும் தொட்டிக்குள் திருப்பினார். தொட்டியிலிருந்து கடல்பக்கம் போகிற வாய்க்காலை மதகுப் பலகை வைத்து அடைத்துவிட்டார். கீழே இருந்த ஆறு ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள். குளித்து முடித்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றாராம். சொல்லி அனுப்பவே இல்லை.

தொட்டியைத் தேய்த்துக் கழுவும் வேலை செவத்தாயிக்கு. வாட்டசாட்டமான பெண், இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவள். அவள் கழுவிய பாத்திரத்தில் முகம் பார்க்கலாம் என்று ஊரே சொல்லும். தொட்டி கட்டி ஒரு மாதம் போயிருக்கும், விளிம்பில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. தேய்த்தாள். மறுநாள் அது இரண்டு விரல் அகலமாயிற்று. செங்கல் பொடி போட்டாள், ஆற்று மணல் போட்டாள், தேங்காய் நாரால் தோள் கழன்றுபோகிற மாதிரி தேய்த்தாள். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். வெள்ளை சுவரில் ஏறி, தரையில் பரவி, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று தடித்துப்போனது. செப்புத் தகட்டில் அது ஏடு கட்டிவிட்டதால் எவ்வளவு விறகு வைத்தாலும் தண்ணீர் சுடவில்லை.

ஒரு நாள் காலை வல்லப்பர் சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகு சிராய்ந்து எழுந்தார். ஆட்கள் முன்னால் அவளை நிறுத்தி, சோம்பேறி என்றார். தின்றுவிட்டுத் தூங்குகிறாள் என்றார். அமாவாசைக்குள் தொட்டி பளிச்சென்று ஆகாவிட்டால் குடிசையைப் பிரித்து, பிள்ளைகளோடு ஊரை விட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

ஊரை விட்டுப் போவதுகூடச் செவத்தாயிக்குப் பெரிதாகப் படவில்லை. சோம்பேறி என்ற அந்தச் சொல்தான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு நாளும் விறகில் கை வைக்காத மனிதர், ஒரு செம்பு தண்ணீர் தானாக மொண்டு குடிக்காத மனிதர், அவளைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டார். எல்லோரும் போனபிறகு தொட்டிக்குள் இறங்கி, அந்த வெள்ளைப் படிவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? ஏன் என் பொழப்புல வந்து உட்கார்ந்திருக்கே?"

படிவு பேசியது. அதன் குரலிலும் கோபம்தான்.

"நானா வந்து உட்கார்ந்தேன்? கடலுக்குப் போறவன் நான். என்னை நடுவழியில இறக்கிவிட்டது யாருன்னு கேளு தாயி."

தண்ணீரைக் கேட்டாள். தண்ணீர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னது: கல்லைத் தன் மூச்சில்தான் தாங்கிக்கொண்டு வருகிறது. அடியில் தீ வைத்தால் மூச்சு போய்விடுகிறது. மூச்சு போனால் பிடி நழுவுகிறது. மிச்சமிருக்கும் தண்ணீரும் ஆவியாகிப் போகிறது, ஆவிக்குக் கல்லைத் தூக்கும் தெம்பில்லை. முன்பெல்லாம் பின்னால் வருகிற புதுத் தண்ணீர் விழுந்த கல்லை எடுத்துக்கொண்டு போகும். இப்போது போவதற்கு வழி எங்கே இருக்கிறது? பலகையைப் போட்டு அடைத்தாயிற்றே. கடலில் சிப்பிகள் ஓடில்லாமல் மீனுக்கு இரையாகின்றன என்று சேதி வந்திருக்கிறது, அதைக் கேட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டியிருக்கிறது என்று தண்ணீர் சொல்லி முடித்தது.

செவத்தாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவர் முழங்காலுக்காக ஆறு ஊர் காய்கிறது, கடலில் சிப்பி சாகிறது, பழி மட்டும் தேய்க்கிறவள் தலையில்.

"நான் உன்னை அனுப்பிவிட்டா போவியா?" என்று கல்லைக் கேட்டாள்.

"மூச்சைத் திருப்பிக் குடு, எழுந்திரிக்கிறேன். வழியையும் திறந்துவிடு, போயிடறேன். வழியில்லாம எழுப்பினா மறுபடியும் இங்கேயேதான் உட்காருவேன்."

மூச்சுக்கு எங்கே போவது? தொட்டியோரம் நின்ற புளியமரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வேரும் அந்த ஓடைத் தண்ணீரில் வளர்ந்ததுதான். என் புளிப்பைக் கரைத்து ஊற்றிப் பார் என்று அது கிளையை உலுக்கிப் பழத்தைக் கொட்டியது. செவத்தாயி தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு, அண்டா அண்டாவாகப் புளி கரைத்துச் சுவரெங்கும் ஊற்றினாள். ஊற்றிய இடமெல்லாம் சுர்ரென்று நுரைத்தது. கல்லுக்கு மூச்சு வந்தது. செங்கல்லுக்கும் மணலுக்கும் அசையாதது தானாக நெகிழ்ந்து, பாலாகக் கரைந்து இறங்கியது. அடியில் செம்பு தகதகவென்று தெரிந்தது.

சேதி கேட்டு வல்லப்பர் ஆட்களோடு வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு, மிரட்டியதும் வேலை நடக்கிறது பார் என்று ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார். இனி மாதாமாதம் இதேபோல் செய்ய வேண்டும் என்றார்.

செவத்தாயி மதகுப் பக்கம் போனாள். அந்த வெள்ளைத் தண்ணீர் பலகையில் முட்டிக்கொண்டு நின்றது. பலகையில் கை வைத்தாள்.

"அதைத் தொடாதே" என்றார் வல்லப்பர்.

"தொடத்தான் போறேன்யா. இந்தத் தண்ணி இவ்வளவு நாளும் உங்க காலுக்குக் கீழ வெந்து செத்தது. இந்தக் கல்லு போக வேண்டிய இடம் கடலு. நீங்க வழிய மறிச்சீங்க, அது உட்கார்ந்துச்சு. அதுக்கு என்னைச் சோம்பேறின்னீங்க. உங்க முதுகு சிராய்ஞ்சது நான் தேய்க்காததால இல்ல, நீங்க அடைச்சதால."

இரண்டு கையாலும் இழுத்தாள். பலகை பெயர்ந்து வந்தது. அதைத் தூக்கி அடுப்பில் போட்டாள்.

தண்ணீர் கல்லைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது. வல்லப்பர் ஆட்களைப் பார்த்து அவளைப் பிடிக்கச் சொன்னார். ஒருவனும் நகரவில்லை. அவர்களில் பாதிப்பேர் கீழே காய்ந்துபோன ஊர்களில் பெண் எடுத்தவர்கள். வேறு பலகை செய்து அடையுங்கள் என்றார். யார் தேய்ப்பது என்று ஒருவன் கேட்டான். செவத்தாயி இனி தேய்க்க மாட்டேன் என்றாள். மற்றவர்களும் மாட்டோம் என்றார்கள். வேண்டுமானால் ஐயாவே இறங்கித் தேய்த்துக்கொள்ளலாம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

வல்லப்பர் மூன்று வாரம் பிடிவாதமாக இருந்து பார்த்தார். தானே இன்னொரு பலகை போட்டு அடைத்து, தானே தேய்த்தும் பார்த்தார். முழங்கால் வலியோடு தோள்வலியும் சேர்ந்தது. கடைசியில் ஆளனுப்பாமல் தானே செவத்தாயி குடிசைக்கு நடந்து வந்து, சொன்ன சொல் தப்பு என்றார். எட்டு நாளைக்கு ஒரு முறை பழைய தண்ணீரை முழுதும் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுவது, மற்ற நேரம் ஓடை தன் வழியில் போவது என்று பேசி முடித்தார்கள். அதன் பிறகுதான் அவள் தொட்டியில் கால் வைத்தாள்.

கல்லின் கோபம் மட்டும் ஆறவில்லை. கடைசிக் கரைசலோடு போகும்போது, என்னை ஏந்திய தண்ணீரை எங்கே தேக்கினாலும் சுட வைத்தாலும் அங்கே உட்காருவேன், முரட்டுத்தனமாகத் தேய்த்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

வெந்நீர் அண்டாவிலும் குளியலறைக் குழாயிலும் நீச்சல் குளத்து விளிம்பிலும் வெள்ளை ஏடு படிவதும், எவ்வளவு தேய்த்தாலும் போகாதது புளியோ எலுமிச்சையோ பட்டதும் நுரைத்து இளகுவதும், தேங்கிய நீரை அடிக்கடி மாற்றுகிறவர் வீட்டில் அது அதிகம் தங்காததும், செவத்தாயி பலகையைப் பிடுங்கிய அந்த நாள் தொட்டுத்தான்.