பூ இல்லாத கோலம்

மார்கழி பாதி கழிந்திருந்தது. வாசல் கோலத்தின் மேல் முதல் வெயில் விழுந்து, சாணி உருண்டைகளில் செருகிய பூசணிப் பூக்கள் வாடத் தொடங்கியிருந்த நேரம்.

கடனாநதிக் கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்தின் நிர்வாகம் ஆவணியிலிருந்து தெய்வானையின் கையில் இருந்தது. பொங்கலன்று அங்கே உண்ண வருவோருக்கு, மடத்துக் கொடியில் காய்த்த பூசணியைக் கொண்டுதான் குழம்பு வைப்பார்கள். எந்த ஆண்டும் தவறியதில்லை.

இந்த ஆண்டு கொடியில் ஒரு காய்கூட இல்லை.

தெய்வானை உள்ளே போய்க் குருவின் முன் உட்கார்ந்தார். குரு உலகம்மை வயதில் அவருக்கு மிகவும் இளையவர். ஆகையால் சிஷ்யையை அக்கா என்றே அழைப்பார்.

"அம்மை, கொடி என்னைய ஏமாத்துது."

"என்ன செய்யுது அக்கா?"

"பிஞ்சு விடுது. ரெண்டே நாள்ல மஞ்சளாகி, சுருங்கி, விழுந்துருது. ஒண்ணுகூடத் தங்கல."

"தண்ணி?"

"அளவாத்தான் விடுதேன். வேர்ல தேங்குறதில்ல."

"எரு?"

"போட்டேன். மேல போட்டா இலைதான் மண்டும்னு நிறுத்திட்டேன்."

"புழு?"

"ஒவ்வொரு இலையாத் திருப்பிப் பாத்தாச்சு. சாம்பலும் தூவியாச்சு."

உலகம்மை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பூ?"

"பூவுக்கு என்ன குறை?" தெய்வானையின் முதுகு சற்று நிமிர்ந்தது. "கோலத்துக்குப் பறிக்கும்போதுகூட, இருட்டுல ஒவ்வொரு பூவோட அடியையும் தடவித்தான் பாப்பேன். பிஞ்சு தட்டுப்பட்டா விட்டுருவேன். வெறும் காம்புல நிக்கிற பூவை மட்டும்தான் எடுக்கேன். அது காய்க்கவா போகுது? கொடியோட சத்தைத் தின்னுக்கிட்டு நிக்கும். ஒண்ணு விடாமப் பறிச்சிருதேன்."

உலகம்மையின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அடுத்த தண்டை எடுத்தன.

"வேற?"

"பூசைத்துரை விஷயம்."

பூசைத்துரை பல ஆண்டுகளாக மடத்தில் இருப்பவர். துடைப்பத்தைத் தொட்டறியாதவர். காலையில் கிளம்பினால் ஊரில் வீடு வீடாக நுழைந்து பேசிவிட்டு, இலை போடும் நேரத்துக்குச் சரியாக வந்து சேருவார்.

"நாளைக்கு மொத பஸ்ல தென்காசிக்குப் போகச் சொல்லிட்டேன். அங்க அவரு மச்சினன் இருக்காரு."

"மச்சினன் வரச் சொன்னாரா?"

"அது எனக்குத் தெரியாது. சும்மா இருக்கவங்களுக்கு இங்க இடமில்லன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'சும்மா இருக்கணும்னுதானே தாயி மடத்துக்கே வந்தேன்'ங்காரு."

உலகம்மை வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பின் முறத்தைத் தட்டி ஓரமாக வைத்தார்.

"நாளைக்குக் கோலத்துல பூ வேண்டாம் அக்கா."

"மார்கழியில பூ இல்லாத கோலமா? தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"அப்போ பூவை என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்பவும் போற நேரத்துக்குப் போங்க. கையைக் கட்டிக்கிட்டுக் கொடிகிட்ட நில்லுங்க. வெயில் ஏறுற வரைக்கும்."

மறுநாள் தெய்வானை கோலம் போட்டு, சாணி உருண்டைகளைப் பூச் செருகாமல் அப்படியே வைத்தார்.

எதிர்வீட்டுப் பெண் வாளியோடு வந்து நின்றாள். "என்ன பெரியம்மை, உங்க பிள்ளையாருக்கு எப்போ மொட்டை போட்டீய?"

தெய்வானை கொல்லைக்குப் போனார். கையைக் கட்டிக்கொண்டார்.

வேலிக்கு அப்பால் ஒரு துணிப்பை அசைந்தது. பூசைத்துரை.

"வாரேன் தாயி. அம்மைட்ட சொல்லிட்டேன்."

தெய்வானை கட்டிய கையை அவிழ்க்கவில்லை. செருப்போசை ஆற்றுப் பாதையில் தேய்ந்து மறைந்தது.

கிழக்கு வெளுத்தது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் கூடைக்குள் கிடந்திருக்கும் பூக்கள், கொடியிலேயே விரிந்து நின்றன.

ஒரு தேனீ வந்தது. வெறும் பூ ஒன்றுக்குள் இறங்கிப் புரண்டது. வெளியே வரும்போது உடம்பெல்லாம் மஞ்சள் தூள்.

அது நேராக எங்கும் போகவில்லை. இன்னொரு வெறும் பூவுக்குள் எட்டிப் பார்த்தது. வேலியைச் சுற்றியது. ஓர் இலைமேல் சும்மா உட்கார்ந்தது. வேலையற்றுத் திரிவதாகவே தெய்வானைக்குத் தோன்றியது.

பிறகு, பிஞ்சு தாங்கிய பூ ஒன்றுக்குள் நுழைந்தது. சிறிது நேரம் இருந்தது. போய்விட்டது.

கண்ணுக்குத் தெரிய எதுவும் நடக்கவில்லை. பிஞ்சு நெல்லிக்காய் அளவிலேயே இருந்தது. பூவின் நடுவில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.

தெய்வானை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெறும் பூக்களை அந்தத் தூளோடு அள்ளிச் சென்ற முந்தைய நாள்களின் கூடைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

ஆற்றுப் பாலத்தின் பக்கம் பேருந்து ஒலி எழுப்பியது.

அவர் கையை அவிழ்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

பேருந்து உறுமியபடி நின்றிருந்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த பூசைத்துரை, அதற்குள் பக்கத்து இருக்கைக்காரரின் மகள் கல்யாணம் வரை பேசி முடித்திருந்தார்.

"என்ன தாயி, இப்படி இரைக்க இரைக்க ஓடியாரீய? எதையும் மறந்து வச்சிட்டு வந்துட்டனா?"

"இறங்குங்க."

"டிக்கெட்டு எடுத்தாச்சே."

"இறங்குங்கங்கேன்."

பயன்படாத அந்தப் பயணச்சீட்டின் விலையை, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அங்கேயே சாலையில் நின்று தெய்வானை கொடுத்தார். பொங்கல் குழம்புக்கான பூசணியை மேலத்தெருவில் ஒரு வீட்டார் கொடுத்தனுப்ப, பூசைத்துரை தோளில் சுமந்து வந்தார்; என்ன விலை என்று கேட்டதற்கு, அந்த வீட்டுப் பெரியவரோடு முந்தைய நாள் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கொடி தன் பங்கை மாசியில் கொடுத்தது.