ஆந்தைப்பாறை மனு

ஆந்தைப்பாறையை உடைத்து ஜல்லியாக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபம் இருந்தால் அன்று மாலை ஐந்து மணிக்குள் அரசாங்க இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் பாறை போகும், அதன் அடியில் ஊறும் சுனையும் போகும். சுனையை நம்பியிருக்கும் ஐந்து ஊரும் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கும்.

பாறை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே மனு எழுதும் வேலை உமாபதிக்கு வந்தது. தாலுகா ஆபீசில் காலமெல்லாம் மனுக்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் சீடராகச் சேர்ந்தவர். இந்தப் பாறையை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

கூட எழுத மரகதம். வக்கீல் தொழிலை உதறிவிட்டு மடத்துக்கு வந்தவள். சுனையைப் பற்றிய பழைய பதிவுகளைத் தேடி மாவட்டத் தலைநகருக்குப் போயிருந்தாள். அதனால் இருவரும் பிரவுசரில் ஒரே மனுவைத் திறந்துவைத்து, அவர் இங்கிருந்தும் அவள் அங்கிருந்தும் எழுதினார்கள். யார் எந்த வரியில் இருக்கிறார்களோ, அங்கே அவர்களுடைய பெயர் ஒரு சின்னக் கொடியாக நிற்கும். உமாபதிக்கு நீலக்கொடி. மரகதத்துக்குப் பச்சை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பச்சைக்கொடியைக் கண்டாலே உமாபதிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஒரு வரியை இழைத்து இழைத்து முடிப்பார். அவள் வந்து நடுவில் எதையாவது செருகுவாள். அவர் அழிப்பார். அவள் மறுபடி எழுதுவாள். அவர் மறுபடி அழிப்பார்.

மத்தியானத்தோடு பொறுமை தீர்ந்தது. மனுவைத் தொடங்கியவர் அவர் என்பதால் யாரை உள்ளே விடலாம் என்ற அதிகாரமும் அவர் கையில்தான் இருந்தது. எல்லாருக்கும் ‘பார்வைக்கு மட்டும்’ என்று மாற்றினார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாச்சியாரம்மையிடம் போனார்.

நாச்சியாரம்மைதான் மடத்துக்குத் தலைவி. உமாபதியைவிட வயதில் இளையவர். அவர் முன்னாலும் ஒரு லேப்டாப் திறந்திருந்தது.

“என்ன உமாபதி, முகம் செவந்திருக்கு?”

“அம்மா, ஒரு மனு உருப்படணும்னா ஒரு கைதான் எழுதணும். இன்னொரு கை வந்து கெடுத்தா அதை எப்படிக் காப்பாத்துறது?”

அம்மை தன் லேப்டாப்பில் எதையோ தட்டினார்.

உமாபதியின் கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். ‘நாச்சியார் இந்த ஆவணத்தைத் திருத்த அனுமதி கேட்கிறார்.’

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாரையும் வெளியே தள்ளிய வேகத்தில் குருவையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறார்.

“ஐயையோ, நீங்க போய் என்கிட்ட கேக்கலாமாம்மா!” அவசர அவசரமாக அனுமதி கொடுத்தார்.

“குடுத்தாச்சா? சரி. கொஞ்ச நேரம் பேசாம இருங்க.”

மனுவுக்குள் ஒரு மஞ்சள்கொடி நுழைந்தது. அதில் நாச்சியார் என்று இருந்தது. சுனையைப் பற்றிய பத்திக்குப் போய், உமாபதியின் நீளமான வாக்கியத்துக்குப் பின்னால் நின்று எழுதியது.

‘கோடையில் ஐந்து ஊர் ஆடுகளும் ஆந்தைப்பாறைக்குத்தான் தண்ணீர் குடிக்க வருகின்றன. அவற்றுக்கு வேறு வழி தெரியாது.’

உமாபதி படித்தார். இன்னொரு தரம் படித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அம்மா, நான் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். நீங்க ஆட்டைச் சொல்லி ஊரையே சொல்லிட்டீங்க. இதைப் படிச்ச அதிகாரிக்குக் கல்லுடைக்கக் கையெழுத்துப் போட மனசு வருமா?”

“வச்சுக்கலாமா?”

“இதை எடுத்தா மனுவே இல்லம்மா.”

அம்மை பழைய பதிப்புகளைத் திறந்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். காலையில் இருந்த மனு திரையில் வந்தது. அதே பத்தி, அதே ஆடுகள். எழுதியவர் மரகதம். அதற்கடுத்த பதிப்பில் அந்த வரிகளின் மேல் கோடு விழுந்திருந்தது. அடித்தவர் உமாபதி. அடித்ததோடு விடாமல் ஓரத்தில் குறிப்பு வேறு போட்டிருந்தார்: ‘இது மனுவா, ஆட்டுச் சந்தையா?’

“நான் எழுதினேன்னு உங்ககிட்ட சொன்னேனா?” என்றார் அம்மை.

உமாபதியை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மணி மூன்றரை. வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. மரகதத்துக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்.

பச்சைக்கொடி அந்தக் கணமே வந்தது. காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஓரத்தில் எழுதினாள்: ‘அண்ணே, உள்ள வரலாமா? சுனைக்கு அந்தக் காலத்துப் பதிவு கிடைச்சிருச்சு. எழுத முடியாம கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.’

‘வாம்மா, வந்து எழுதும்மா’ என்று பதில் போட்டார் உமாபதி. பிறகு அம்மையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்தப் பாறையை நான் விடப்போறதில்லம்மா. நான் அழிச்ச மரகதத்தோட வரி அத்தனையையும் இப்பவே திரும்பக் கொண்டுவந்துடறேன். இனிமே அவ எழுதினதுல ஒரு எழுத்தைத் தொடமாட்டேன்.”

“சுனையோட ஆழம்னு ரெண்டு இடத்துல ரெண்டு அளவு போட்டிருக்கா. அதையுமா?”

“மரகதம் போட்டா சரியாத்தான் இருக்கும்மா.”

அம்மை தன் லேப்டாப்பை மூடினார்.

“இப்பவும் நீங்க பேரைத்தான் படிக்கிறீங்க, உமாபதி.”

உமாபதி மனுவின் முதல் வரிக்குப் போய், கொடிகளைப் பார்க்காமல் படிக்கத் தொடங்கினார்.