ஆவுடையப்பன் வீட்டுச் சாவி

தென்காசியில் அரிசி ஆலை வைத்திருந்த ஆவுடையப்பன் புது வீடு கட்டி, வாசல் இரும்புக் கதவில் குரலுக்குக் கட்டுப்படும் கருவி ஒன்றை மாட்டினார். "கதவைத் திற" என்று அவர் சொன்னால் திறக்கும். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாது. அது போக, ஒரே ஒரு சாவி காவலாளி சங்கிலியிடம் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கதவு திறந்து கிடந்தது. இரண்டு எருமைகள் உள்ளே புகுந்து புல்தரையைப் பாதிக்கு மேல் மேய்ந்துவிட்டன.

"நான் ஆலையில இருந்தேன். அப்போ தொறந்தது நீருதானவே!" என்று ஆவுடையப்பன் குதித்தார்.

"நான் தொடல மொதலாளி. சாப்பிடப் போயிருந்தேன்."

"சாவி இல்லாம, நானும் வாயத் தொறக்காம இந்தக் கதவு தொறக்குமாவே? தொறந்து காட்டும். முடியலன்னா இன்னைக்கே நடையக் கட்டும்."

சங்கிலி கதவைச் சாத்தி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் செல்போனைக் கருவியின் பக்கத்தில் பிடித்தார். புதுமனை புகுவிழா வீடியோ ஓடியது. அதில் மாலையும் கழுத்துமாக நின்ற ஆவுடையப்பன், விருந்தாளிகளுக்குப் பெருமை காட்ட, "கதவைத் திற" என்று முழங்கினார். இங்கே கதவு திறந்துகொண்டது.

"இது உமக்கு எப்படிக் கிடைச்சுது?"

"விழாவுக்கு வந்த முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும் நீங்கதான வாட்ஸ்அப்புல அனுப்புனிய. அதுல நானும் ஒருத்தன்."

ஆவுடையப்பனுக்கு வியர்த்தது. "அத மொதல்ல அழிச்சுப் போடும்வே!"

சங்கிலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக அழித்தார்.

"அழிச்சாச்சு மொதலாளி. இனி முந்நூத்திப் பதினோரு பேருதான் பாக்கி."